எண்பத்தாறு டிகிரி

குக்கரின் ரப்பர் வளையம் அறுந்தது
இரவு ஒன்பதரைக்கு.
கழுவும்போது கத்தி பட்டுவிட்டது என்றேன்.
எமெத்தேரியா வளையத்தைத் தூக்கிப் பார்த்தாள்,
ஆணியில் மாட்டினாள்,
படுக்கப் போனாள்.

எல் ஆல்த்தோவில் ஆறாம் நாள் மறியல்.
கடை இல்லை. எரிவாயு வண்டி இல்லை.
உருளையில் இருப்பது அரையோ, அதற்கும் கீழோ;
தட்டிப் பார்த்தால் ஒரு மாதிரி,
ஆட்டிப் பார்த்தால் வேறு மாதிரி.
விடியற்காலை ஐந்துக்கு வருவார்கள்
வழியில் நின்றுபோன பஸ்களின் ஓட்டுநர்கள்,
பதினெட்டுப் பேர்,
சூப் கேட்டு.

ஆட்டுக் கழுத்தெலும்பு. உமி நீக்கிய கோதுமை.
உறைபனியில் கிடத்தி, காலால் மிதித்து, காயவைத்த
கருத்த சுன்யோக் கிழங்கு.
அப்புறம் மொச்சை,
கூழாங்கல்லுக்குத் தம்பி.

நான் மொந்தேரோக்காரன். தாழ்நிலம்.
எங்கள் ஊர்த் தண்ணீர் கொதிக்கச் சோம்பல்படும்,
ஆனால் கொதித்துவிட்டால்
சொன்ன வேலையை முடித்துக் கொடுக்கும்.
இங்கே நாலாயிரத்து நூறு மீட்டர் உயரத்தில்
காற்று மெலிந்துபோய்
நீரின் தலையில் கைவைத்து அழுத்த ஆள் இல்லை.
எண்பத்தாறிலேயே குதிக்கத் தொடங்கிவிடும்,
சம்பளம் வாங்காமலே குடித்தவன் மாதிரி.

குதிப்பதைப் பார்த்து நானும் ஏமாந்தேன்.
தீயைக் கூட்டினேன்.
தளதள என்றது பானை, மூடி தாளம் போட்டது,
ஜன்னல் வியர்த்து வழிந்தது.
ஒரு மணி நேரம் கழித்து
ஒரு மொச்சையை எடுத்துக் கடித்தேன்.
பல்தான் அசைந்தது.

கொதிக்கிற தண்ணீருக்கு
மேலும் மேலும் தீயை ஊட்டினால்
அது சூடாவதில்லை.
வாங்கியதையெல்லாம் ஆவியாக
ஜன்னல் வழியே ஊருக்குக் கொடுத்துவிடுகிறது.
இதை அடுப்பைப் பார்த்தபடிதான் யோசித்தேன்,
ஆனால் ஞாபகம் வந்தது
சாயங்காலம் நான் போட்ட சத்தம்:
போதும் இந்தக் குளிர், போதும் இந்த ஊர்,
விற்றுவிட்டுக் கீழே போவோம்.
ஒரே வாக்கியம், ஐந்து தடவை,
ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உரக்க.
என் பருப்பு அவளிடம் வேகாது.
இது கல்யாணத்தன்றே தெரியும்.

பதினொன்றே காலுக்குக் காலுறையோடு வந்தாள்.
என்னைப் பார்க்கவில்லை.
திருகைத் திருகினாள்,
அணைந்துவிடும் என்று நான் பதறும் அளவுக்கு.
நீல நாக்குகள் உள்ளே போய்
ஒரு மணிச்சரம் மட்டும் மிஞ்சியது.
வற்றிய அளவுக்கு வெந்நீர் விட்டாள்.
மூடிமேல் ஈரத்துணி, துணிமேல் கல்.
போய்விட்டாள்.

பானை பேச்சை நிறுத்தியது.
கல்லைத் தூக்கிப் பார்த்தேன், திருட்டுத்தனமாக:
ஓரத்தில் ஒரு குமிழி.
யோசித்து, இன்னொன்று.
நடுவில் எதுவும் இல்லை, ஒரு சின்ன நடுக்கம் தவிர.
பெருங்கொதியில் இறைச்சி
பிழிந்த துணியாய் முறுக்கிக்கொண்டிருந்தது;
இப்போது எலும்பைப் பிடித்த பிடியை
விரல் விரலாக விட்டது.
சூடு ஏறக்குறைய அதேதான்.
அவசரம்தான் குறைந்திருந்தது.

தூங்காமல் இருந்தேன்.
தூங்கவும் செய்தேன்.
மூன்றரைக்கு எழுந்தபோது வீடெல்லாம் புதினா மணம்;
அவள் எப்போது வந்து போட்டாள் என்று தெரியாது.

ஐந்துக்கு வந்தார்கள், பனி படிந்த தொப்பிகளோடு.
நெமேசியோ இரண்டாவது கிண்ணம் கேட்டான்.
குக்கர் கதையைக் கேட்டுவிட்டு,
"ரேடியேட்டர் மூடி போனால்
என் வண்டியும் இப்படித்தான், ஏற்றத்தில்
சீக்கிரம் கொதித்து எங்கேயும் போகாது" என்றான்.
எல்லோரும் சிரித்தார்கள். நான் கரண்டியைக் கழுவினேன்.
மொச்சை வெந்திருந்தது,
பத்துக்கு ஒன்று மட்டும் நடுவில் லேசாக மாவாய்.
யாரும் குறை சொல்லவில்லை.

கிண்ணங்களை அடுக்கிக்கொண்டே
எமெத்தேரியா முதல்முறையாக வாய் திறந்தாள்:
"வளையம் ரெண்டா வாங்கிடு."

தலையாட்டினேன்.
எந்த ஊர்க் கடையில் என்று
கேட்கவில்லை.