ஒரு நெடில், இரண்டு குறில்

காலணியில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு
இரவு பதினொன்றுக்கு உள்ளே வருகிறேன்.
சோரனுக்கு ஒன்பது வயது.
அவன் மூச்சு கட்டிலுக்குப் பக்கத்தில்
ஒரு பெட்டிக்குள் இருக்கிறது.
நிமிடத்துக்குப் பதினான்கு.
தொண்டைக் குழாயில் சளி கரகரத்தால்
பத்து விநாடிக்குள் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும்.
அந்தப் பத்து விநாடியும்
நானும் மூச்சு விடுவதில்லை.
யாரும் சொல்லித்தரவில்லை, பழகிவிட்டது.

மணிக்கு இருபத்தொரு டாலர்.
நான்கு வருஷமாக அதே இருபத்தொன்று.
என் இரவை ஏஜென்சி என்ன விலைக்கு விற்கிறது என்று
தவறிப்போய் எனக்கு வந்த ரசீது ஒன்றில் பார்த்தேன்.
பார்த்திருக்கக் கூடாது.
போன வாரம் கடைவாய்ப் பல்.
காப்பாற்ற ஆயிரத்து நானூறு, பிடுங்க இருநூறு.
பிடுங்கச் சொன்னேன்.
நாக்கு இன்னும் அந்தப் பள்ளத்துக்கே போய்வருகிறது.

நீ ஒரு தேவதை நோரீன், என்றாள்
தேவாலய வாசலில் ஒருத்தி.
தேவதைகளுக்குக் கடைவாய்ப் பல் உண்டா
என்று கேட்க நினைத்தேன்,
தாடை வலித்தது.

பாலத்துக்கு அந்தப் பக்கம், டயாலிசிஸ் மையத்தில்
பகல் வேலை. ஏழு டாலர் கூடுதல்.
பல்லுக்கும் சேர்த்துக் காப்பீடு.
வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம்.

விண்ணப்பத்தில் ஓர் இடம்: உங்களை அறிந்தவர்.
ஏஜென்சியில் ஆறு மாதத்துக்கு ஒரு மேற்பார்வையாளர்;
இப்போதிருப்பவருக்கு என் முகமே தெரியாது.
கார்லா ஹாகன் என்று எழுதினேன்.
சோரனின் அம்மா.
அவளிடம் கேட்காமல்.

"அவங்க உங்களைப் பத்தி இருபது நிமிஷம் பேசினாங்க"
என்றாள் மையத்திலிருந்து அழைத்தவள்.

இருபது நிமிஷம்.
ஒரு பொய் போதுமே கார்லா,
என்னை இங்கேயே கட்டிப்போட.
பொய்கூட வேண்டாம்.
நல்லவள்தான், ஆனால்... என்று
லேசாக இழுத்திருந்தால் போதும்.

எனக்கு முன்னால் பதினொரு பேர் போயிருக்கிறார்கள்.
பன்னிரண்டாவதாக நான் கிடைக்க ஏழு மாதம்.
அந்த ஏழு மாதமும் சமையலறை டைமரை
மடியில் வைத்துக்கொண்டு விழித்திருந்தாளாம்.
பேக்கரி வேலை அப்படித்தான் போனது.
இதை அவள் சொல்லவில்லை;
பனி வாரும் வண்டி ஓட்டும் டேல் சொன்னான்,
சாவியைத் தேடுவதுபோல் எங்கோ பார்த்துக்கொண்டு.

அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும்.
காலையில் என் காப்பியை ஊற்றுகிறாள்.
நேற்றைவிடக் கடுப்பமாக இருக்கிறது,
அல்லது எனக்குத்தான் அப்படி.

மார்ச் கடைசி. ஏரியில் உறைபனி உடையும் ஓசை.
ஐந்து மணிக்கு இந்த வருஷத்தின் முதல் கப்பல்
இருட்டுக்குள்ளிருந்து ஊதுகிறது.
ஒரு நெடில், இரண்டு குறில்.
பாலம் அதே அளவில் திருப்பிச் சொல்கிறது.
சோரனின் கண் திறந்திருக்கிறது.
அசையும் ஒரே கட்டைவிரலால்
பித்தானை அழுத்துகிறான், அழுத்துகிறான்;
எழுத்து எழுத்தாகக் கூடி
எந்திரம் பேசுகிறது:
நாளைக்கு

கேள்வியா, செய்தியா?
அந்தக் குரலுக்கு ஏற்ற இறக்கம் கிடையாது.
கப்பலைச் சொன்னானா
என்று கேட்டிருக்கலாம் நான்.
போர்வையைச் சரிசெய்தேன்.

ஏப்ரல் கட்டங்கள் குளிர்பெட்டிக் கதவில்.
நான்கு வருஷமாக என் பெயரை
நீல மையால் எழுதிவந்தவள்
இந்த மாதம் பென்சிலால் எழுதியிருக்கிறாள்,
முப்பது இரவுகளையும்,
அழுத்தாமல்.

என் பைக்குள் தேதி போடாத கடிதம்.
அதே பையில் பேனாவும்.
கார்லா மாடியில் நடக்கும் சத்தம் கேட்டது.
முதல் செவ்வாய்க்கிழமையின் மேல் மட்டும்
பென்சில் தடத்தைப் பிடித்துக்கொண்டு
நீலத்தில் எழுதினேன்.
புதனில் பேனா கொஞ்ச நேரம் நின்றது,
ஒரு புள்ளி ஊறும் அளவுக்கு.