இரண்டும் இல்லை

அரோசா கழிமுகத்தில் மிதக்கும் மரப் பரண்களிலிருந்து
பன்னிரண்டு மீட்டர் ஆழத்துக்குக் கயிறுகள் தொங்குகின்றன.
கயிறு முழுக்கச் சிப்பி.
சிப்பி முழுக்க இவை:
நூல் துண்டுக்குக் கண் முளைத்ததுபோல்,
விரல்நகத்தில் பாதி நீளம்,
பின்கால்களால் பாசியைப் பற்றிக்கொண்டு
நாளெல்லாம் யாருக்கோ
கும்பிடு போட்டபடி இருக்கும் எலும்புக்கூட்டு இறால்கள்.

"சபேலா, உன் பேன்கள் வந்துவிட்டன" என்று
ஃபூகோ போன் செய்வார்.
கயிறு தூக்கும் நாட்களில்
அவர் கம்பளிச் சட்டைக்குள் ஆயிரம் அரிப்பு.
நான் வாளியோடு போவேன்.

என்னிடம் இருப்பது ஒரு வினாத்தாள்.
எந்தக் கேள்விக்கும் இரண்டே விடை.
தலையில் முள் உண்டா? நான்குக்குப் போ.
இல்லையா? ஏழுக்குப் போ.
பிடிகையின் உட்புறம் ஒரு பல்லா, இரண்டா?
உணர்கொம்பில் மயிர் வரிசையாகவா, சிதறியா?
பத்தொன்பது வருடமாக இப்படித்தான்
ஒவ்வோர் உயிரையும் அதனதன் வாசலில் போட்டுவிட்டு
அடுத்த தெருவுக்கு நடக்கிறேன்,
தபால்காரியைப்போல்.

அந்தச் செவ்வாய்க்கிழமை எட்டில் நின்றுவிட்டேன்.
செவுள் நீளமா? இல்லை.
செவுள் உருண்டையா? இல்லை.
லென்ஸைத் துடைத்தேன்.
என் மூக்குக்கண்ணாடியையும் துடைத்தேன்.
செவுளின் ஓரத்தில் ஒரு மடிப்பு,
காதுமடல் மாதிரி.

புதிது என்று தோன்றவே இல்லை.
தப்பு என்னுடையது என்றுதான் தோன்றியது.
குஞ்சாக இருக்கலாம். ஊனமாக இருக்கலாம்.
ஆல்கஹாலில் சுருங்கியிருக்கலாம்.
மதியம் சாப்பிடாத என் கண்ணாகவும் இருக்கலாம்.
ஒன்றை வைத்து ஓர் இனம் என்று சொல்ல
எனக்குத் துணிச்சல் இல்லை.
இன்னொன்று வேண்டும்.

"எந்தக் கயிறு?"
"பதினேழு. இப்போதுதான் குழாயடித்துக் கழுவினேன்.
சிப்பி லாரி ஏறிவிட்டது."

பிறகு மழை.
பிறகு சிவப்பு நீர் என்று அறுவடைக்குத் தடை.
பிறகு புயலில் இரண்டு பரண்கள்
நங்கூரத்தை அறுத்துக்கொண்டு போயின.
நானூறு புட்டி பார்த்தேன்;
நானூற்றிலும் ஏற்கெனவே பெயர் உள்ளவர்கள்.

ஏப்ரல் ஒன்பது, நாற்பத்திரண்டாம் கயிறு,
தீப்பெட்டி அளவு பாசிக்குள்
அவள்.
முதுகிலும் கொம்பிலும் தொற்றிக்கொண்டு
பதினொரு பிள்ளைகள்.
காதுமடல், இரண்டு பக்கமும்.

கிராம்பு எண்ணெய் இரண்டு சொட்டு விட்டேன்.
அறை பல் டாக்டரின் அறைபோல் மணத்தது.
கும்பிடு மெதுவானது.
நின்றது.
பிள்ளைகள் கடைசிவரை பிடியை விடவில்லை.
ஊசிமுனையால் ஒவ்வொன்றாக
நான்தான் பிரித்தேன்.

பெயர் வைக்க வேண்டுமென்றால் கழற்ற வேண்டும்.
தாடை ஒரு கண்ணாடிச் சில்லில்,
ஐந்தாம் கால் இன்னொன்றில்.
ஆறு நாள் மயிர்களை எண்ணினேன்.
ஏழாம் நாள் எண்ணியதை எண்ணினேன்;
ஒன்று குறைந்தது.
மறுபடி.

ஃபூகோ ஒருநாள் ரப்பர் பூட்ஸோடு வந்து
நுண்ணோக்கிக்குள் குனிந்தார்.
வெகுநேரம் நிமிரவில்லை.
"கயிற்றைத் தின்னுமா?"
"இல்லை."
"சிப்பியை?"
"இல்லை."
"அப்போ சரி.
என் படகின் பெயரை வை."
படகு 'நோவா எல்விரா'.
அதில் பாதி இன்னும் வங்கிக்குச் சொந்தம்.
யோசிக்கிறேன் என்றேன்;
லத்தீனில் 'காதுள்ளவள்' என்று வைத்தேன்.
அவர் இரண்டு வாரம் பேசவில்லை.

மை ஆல்கஹாலில் கரையும்,
அதனால் பென்சிலால் எழுதிப் புட்டிக்குள் போட்டேன்:
ஆழம் ஆறு மீட்டர். பெண். பிள்ளைகளோடு.
சேகரித்தவர்: ஃபூகோ ஒத்தெய்ரால்.
அதைக் காட்டியபோது
தன் பெயரை இருமுறை படித்தார்,
எழுத்துப்பிழை தேடுகிறவர்போல்.

வினாத்தாளில் எட்டாம் எண்ணுக்குக் கீழே
நெருக்கி எழுதினேன்:
மடிப்பு உண்டா? பதினான்குக்குப் போ.
தாள் பதின்மூன்றோடு முடிந்திருந்தது.
அடியில் பதினான்கு என்று எழுதி
அவளை அங்கே குடிவைத்தேன்.
அதற்கும் கீழே நான்கு விரல் அகலம் வெற்றுத்தாள்.

போன் அடிக்கிறது.
இன்றைக்குக் கழுத்தில் அரிக்கிறதாம்.
வாளி எங்கே?