நூற்றிருபதாவது கோடு

தண்ணீர் முதலில், பவுடர் பிறகு.
நூற்றிருபதாவது கோட்டுக்கு நாலு கரண்டி, தலைதட்டி.
மறந்துவிடுவேன் என்று
பவுலின் அடுப்புச் சுவரில் பென்சிலால் எழுதியிருக்கிறாள்.
டின்னிலும் ஒரு வரி இருக்கிறது:
தாய்ப்பாலே குழந்தைக்குச் சிறந்தது.
காசையும் வாங்கிக்கொண்டு
திட்டவும் திட்டுகிற சாமான்
எங்கள் வீட்டில் இது ஒன்றுதான்.

கொருக்குப்பேட்டை, மூன்றாவது மாடி,
ராத்திரி ஒன்றரை.
கூட்ஸ் வண்டி கேட்டைத் தாண்டும்போது
பாட்டிலுக்குள் பால் லேசாக நடுங்குகிறது.
புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கிறேன்.
பகலெல்லாம் ஷேர் ஆட்டோ முறுக்கிக் காய்த்த கைக்கு
இந்தச் சூடு மட்டும்
எப்படியோ தெரிந்துவிடுகிறது.

ஜெஃப்ரின் கண்ணைத் திறக்காமலே கவ்வுகிறான்.
ஒரு கை என் சட்டையில் ஏறி
இரண்டாவது பட்டனைப் பிடித்துக்கொள்கிறது.
குடித்து முடிக்கும்வரை விடமாட்டான்.
எங்கள் அப்பாவுக்கு இது கிடைக்கவில்லை.
நாங்கள் ஐந்து பேர் பசித்து அழுததும்
அவருக்குப் பக்கத்து வீட்டு ரேடியோ.

சரி, லாபம் அது.

டின் ஒரு வாரம் தாங்காது.
லாரித் தண்ணீரை இரண்டு தடவை கொதிக்க வைப்பதில்
சிலிண்டர் தூக்கினால் வருகிற அளவுக்கு இளைத்துவிட்டது.
போன மாதம் மூன்று நாள் வயிற்றுப்போக்கு.
நிப்பிள் மடிப்பில் காய்ந்து கிடந்த திப்பியை
நான்தான் பார்க்காமல் விட்டேன்.
"யாரு கழுவுனது?" என்று நர்சம்மா கேட்டபோது
"நான்தான்" என்றாள் பவுலின்.
வழியில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.
நானும்.

அவளுக்கு ராயபுரத்தில் நைட் டூட்டி, வார்டு துடைக்கிற வேலை.
நாலாம் மாதம் வந்து சேராவிட்டால்
பெயரை எடுத்துவிடுவோம் என்றிருந்தார் சூப்பர்வைசர்.
மூன்று மணிவாக்கில் மார் கல்லாகிவிடுமாம்.
பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு
அந்தச் சத்தத்தில் பீய்ச்சி ஊற்றிவிட்டு வருவாள்.
ஊசி மருந்துக்கு ஃப்ரிட்ஜ் இருக்கிறது அங்கே.
நான் கேட்டதற்கு,
"அதுல போய் யாரு வைப்பா" என்றாள்.

நேற்று
பாட்டிலைக் கொதிக்கப் போட்டுவிட்டுத் தூங்கிப்போனேன்.
எழுந்தால் ரப்பர் தீய்கிற நாற்றம்.
பாத்திரத்தின் அடியில் நிப்பிள் ஒட்டிக் கிடக்கிறது.
திறந்திருக்கிற மெடிக்கல் கேட்டுக்கு அந்தப் பக்கம்.
கேட் போட்டிருக்கிறது.
பையன் கத்துகிற கத்தலில்
மாடிப்படி லைட்டுகள் ஒவ்வொன்றாக எரிந்தன.

எதிர்வீட்டு மும்தாஜ் கதவைத் திறந்தாள்.
அவளுக்கும் கைக்குழந்தை, ஏழு மாதம்.
"இன்னாண்ணா, தொண்ட கிழிஞ்சிரும் போல. இங்க குடு."
வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.
அழுகை பாதியில் அறுந்தது.

படியில் உட்கார்ந்திருந்தேன்.
கையில் காலிப் பாட்டில்,
அதன் கோடுகளை விரலால் தடவியபடி.
நிம்மதிதான்.
நிம்மதிக்கு அடியில்
வேறு ஒன்றும் கிடந்தது, சொல்ல வெட்கம்.

கால் மணி நேரம் கழித்துக் கொண்டுவந்தாள்.
"வயிறு முட்டக் குடிச்சிட்டான்ணா.
ஆனா தூங்க மாட்றான்.
என் நைட்டியப் புடிச்சி
எதையோ துழாவிக்கினே கீறான்."

சட்டை போடாமல் நின்றிருந்தேன்.
உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்தேன்.
இரண்டாவது பட்டன்.

ஆறே முக்காலுக்கு பவுலின் வந்தாள்.
எல்லாவற்றையும் சொன்னேன், தீய்ந்த நாற்றம் உட்பட.
"எவ்ளோ குடிச்சான்?" என்றாள்.
வழக்கமான கேள்விதான்.
"தெரியல. அங்க கோடு இல்லையே."
சிரிப்பாள் என்று நினைத்தேன்.
பென்சிலை எடுத்து
தன் எழுத்துக்குக் கீழே
'நிப்பிள் ரெண்டு' என்று எழுதினாள்.

பிறகு பாயில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.
நீல யூனிஃபார்மில்
இரண்டு ஈரவட்டங்கள் மெல்ல அகன்றன.
"எழுப்பட்டுமா?"
வேண்டாம் என்று தலையசைத்தாள்.
கேட் திறக்கிற மணி கேட்டது.
நான் ஆட்டோ சாவியைத் தேடினேன்.