முதல் அலகு, ஆல்பேட்டை சோதனைச்சாவடி

தபாலில் வந்த பாடநூல்.
உறையைக் கிழித்ததும் பசை மணத்தது.
சர்வதேச அரசியல்: ஓர் அறிமுகம்.
வழக்குப் பதிவேட்டுக்கு அடியில் வைத்துப் படிக்கிறேன்,
இரவு பத்துக்கு மேல்,
இரண்டு லாரிகளுக்கு நடுவே எத்தனை பக்கம் கிடைக்குமோ அத்தனை.

இன்ஸ்பெக்டருக்கு மேல் டிஎஸ்பி,
அவருக்கு மேல் எஸ்பி,
எனக்கு மேலே யாராவது இருந்துகொண்டே இருக்கிறார்கள்.
நாடுகளுக்கு அப்படி யாரும் இல்லையாம்.
அதற்குப் பெயர் அராஜகம்.
‘கலவரம் என்று பொருளல்ல, கவனிக்கவும்’
என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கிறது.
கவனித்தேன்.
கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

எல்லை என்ற பகுதியை வேகமாகத் தாண்டினேன்.
முள்ளோடையோடு முடிகிறது பாண்டி விலை.
பெண்ணையாற்றுப் பாலம் ஏறி இறங்கினால்
அதே பாட்டில், அதே மூடி, அதே ஆள்:
குற்றம்.
மீன் கூடைக்குள் கைவிட்டுத் துழாவுகிறவளுக்குத் தெரியும்
இறையாண்மை எவ்வளவு வழவழப்பானதென்று.

பக்கம் பதினேழு, பாதுகாப்புத் திண்டாட்டம்.
இவன் பயந்துபோய் ஆயுதம் சேர்க்கிறான்,
அதைப் பார்த்து அவன்.
பைக்காரன் டேங்க் கவருக்குள் கையை விடுகிறான்.
என் கை லத்திக்குப் போகிறது.
அவன் கை இன்னும் உள்ளே போகிறது.
வெளியே வந்தது ஆர்சி புக்.
இரண்டு பேருக்கும் வியர்த்திருந்தது.

பாடநூலில் இல்லாத ஒன்று
மஞ்சக்குப்பம் நூலகத்தில் தூசியோடு கிடைத்தது.
ஆயிரத்து எழுநூற்று எண்பத்து மூன்று, ஜூன்.
இதே கடலூரில் இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும்
இரண்டு பக்கமும் நம்மூர் சிப்பாய்களும்
சுட்டுக்கொண்டு செத்தார்கள்.
ஐரோப்பாவில் ஜனவரியிலேயே சமாதானம் கையெழுத்தாகிவிட்டது.
சேதி கப்பலில் வந்துகொண்டிருந்தது.

அதைப் படித்துச் சிரித்தேன்.
ஒப்புக்கொள்கிறேன்.

போன வியாழன், சிறப்புத் தணிக்கை.
ஒரு வண்டி விடாதே என்று உத்தரவு.
மற்ற நாளில் அந்த நேரத்துக்கு
தடுப்பை ஓரங்கட்டிவிட்டுக் கண்ணயர்வோம்.
ஒன்றேகாலுக்கு ஒரு டிவிஎஸ்,
முன்பக்கப் பையில் நான்கு பாட்டில்.
பெயர் எத்திராஜுலு, வண்டிப்பாளையம்.
“அப்பா தவறிட்டாரும்மா. குழி வெட்டுறவங்க கேட்டாங்க.”
எல்லோரும் சொல்வதுதான்.
தகரக் கூரைக்கடியில் உட்கார வைத்தேன்.
அவர் அழவில்லை.
ஐஸ் பெட்டிக்கு மணிக்கணக்கில் வாடகை
என்று ஒரே ஒருமுறை சொன்னார்,
கொசுவிடம் சொல்வதுபோல.

மூன்று மணிக்கு ஜீப் வந்தது.
“பன்னிரண்டுக்கே முடிச்சாச்சே,
மைக்ல சொன்னோமே?”
எங்கள் வாக்கிடாக்கியில் சார்ஜ் இல்லை.

பாட்டிலுக்குச் சீல் வைத்தாயிற்று, எண் போட்டாயிற்று.
திருப்பித் தர என் மட்டத்தில் வழியில்லை.
கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் கேட்டார்,
கோபமில்லாமல், ஒரு விவரத்துக்காக:
“அப்போ, நான் வர்றதுக்கு முன்னாடியே முடிஞ்சிடுச்சா?”

ஞாயிற்றுக்கிழமை தேர்வு.
போரின் காரணங்களை விவரி, பத்து மதிப்பெண்,
வருடா வருடம் வரும் வினா.
அதற்கென்று வாங்கிவைத்த நீலப் பேனா
அவர் சட்டைப்பையோடு
டவுன் பக்கம் போய்க்கொண்டிருந்தது.
கூப்பிட்டிருக்கலாம்.
வண்டியின் சிவப்பு விளக்கு வளைவில் திரும்பும்வரை
விசிலைக் கையில் பிடித்தபடி நின்றேன்.