மூடி எங்கே

மூன்றாம் நாள் மழையில்
கொமட் பேசத் தொடங்கியது.
முதலில் ஒரு தொண்டைச் செருமல்.
பிறகு, குளியலறையில் வாளியைக் கவிழ்த்தால்
அடுத்த அறையில் ஒரு 'குளுக்'.
இரண்டுமாய் என்னைப் பற்றித்தான்
கதைக்கின்றன என்று நினைத்தேன்.

பத்திநாதன் ஹெல்மெட்டோடேயே உள்ளே வந்தார்.
ஒன்றையும் தொடவில்லை. கேள்விகள்தான்.
ஒண்டு மட்டுமா, எல்லாமா?
குசினித் தண்ணி போகுதா?
கடைசியா எப்ப பவுசர் வந்தது?

வீடு வாங்கி ஒன்பது வருடம்.
உறுதியில் நாலு எல்லையும் இருக்கிறது,
வடக்கே ஒழுங்கை, தெற்கே ஹபீலாவின் மதில்.
குழியைப் பற்றி நொத்தாரிசு
ஒரு சொல்லும் எழுதவில்லை.

"அப்ப மூடி எங்க, ரீச்சர்?"

அலவாங்கால் முற்றத்தைத் தட்டிக்கொண்டு போனார்.
டொக். டொக். டொக்.
குடையைப் பிடித்தபடி நான் பின்னால்.
கொடிக் கம்பத்தடியில் சத்தம் மாறியது.
அதன்மேல் நின்றுதான் இத்தனை நாளும்
பள்ளிக்கூடச் சேலைகளை உதறியிருக்கிறேன்.

காற்றுக் குழாயின் வாயில்
யாரோ ஒரு பால்மா டின்னைக் கவிழ்த்துக் கட்டியிருந்தார்கள்.
"மூக்குக்காக மூடினது.
குழாய்க்கு மூச்சுப் போச்சு."
கம்பியை வெட்ட, துரு அவர் முகத்தில் கொட்டியது.
செருமல் நின்றுவிட்டது.
தண்ணீர்தான் இறங்கவில்லை.

மூடியை நெம்பினார்.
"தள்ளி நில்லுங்கோ, குனிஞ்சு பாக்காதேங்கோ.
இதுக்குள்ள ஆள் இறங்கிற வேலை இல்ல,
ஆர் எவ்வளவு காசு தந்தாலும்."
மூங்கில் தடியை விட்டு எடுத்தார்.
அடியில் ஒரு சாண் சேறு.
மற்றதெல்லாம் தண்ணீர், கழுத்து மட்டும்.

பிறகு ஏனோ கிணற்றடிக்குப் போனார்.
கையால் அள்ளலாம் போல நின்றது கிணறு.
ஒழுங்கை முடிகிற இடத்தில்
உப்புவெளிக் கடல் இரைந்துகொண்டிருந்தது.
"உங்கட குழியில பிழையில்ல.
நிலம் நிறைஞ்சிட்டுது. இதுக்குப் போக இடமில்ல."

பவுசரைக் கூப்பிட்டு இறைத்துவிடலாமே?

"பிளாஸ்டிக் டாங்க், ரீச்சர்.
வெறுமையாக்கினா மிதக்கும்,
குழாயெல்லாம் பிடுங்கிக்கொண்டு கிளம்பும்.
துறைமுகத்து ஊரில
இன்னொரு கப்பல் வேண்டாம்."

போகும்போது எட்டு வைத்து அளந்தார்.
குழிக்கும் என் கிணற்றுக்கும் முப்பது அடி.
குழிக்கும் மதிலுக்கு அப்பால்
ஹபீலாவின் கிணற்றுக்கும், பதினைந்து.
"ஐம்பது வேணும்" என்றார்.
என் காணியே நாற்பதுதான் அகலம்.

சீனி கேட்டிருக்கிறேன், சின்ன வெங்காயம் கேட்டிருக்கிறேன்,
ஊரடங்கு நாளில் காஸ் சிலிண்டரும் கேட்டிருக்கிறேன்.
இதை எப்படிக் கேட்பது?
சுனாமிக்குப் பிறகு நாலடி மண் நிரப்பிக் கட்டின வீடு அவளுடையது.
படியில் ஏறும்போதே
எதை முதலில் சொல்வதென்று தெரியவில்லை,
உன் கக்கூசுக்கு வரட்டுமா என்றா,
என் குழி உன் கிணற்றடியில் என்றா.

இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

ஹபீலா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.
கத்தி கொஞ்ச நேரம் நின்றது.
"கிணறு கட்டின நாள்லயே வாப்பா சொன்னார்.
நாங்க கொதிக்க வெச்சுத்தான் குடிக்கிற."
பிறகு, செதிலைத் தட்டிவிட்டு,
"பின் கதவால வாங்க. முன்னுக்கு நாய்."

ஆறு நாள்.
டோர்ச்சும் குடையுமாய்
மதிலோரம் போய்வந்தேன்.
மூன்றாம் இரவிலிருந்து
கேட்டின் கொளுக்கி போடப்படவில்லை.
அதைப் பற்றி நாங்கள் கதைக்கவில்லை.

தையில் கிணறு ஆறடி இறங்கியது.
பவுசர் வந்து பாதிக்கு மேல் இறைத்துப் போனது,
ஒழுங்கையெல்லாம் ஜன்னல் சாத்திக்கொண்டது.
மூடியைப் போட்டு, கால் கழுவிக்கொண்டு வந்து
உறுதியை எடுத்தேன்.
அதில் எழுத மனம் வரவில்லை.
குசினிக் கதவின் பின்பக்கம்,
வெண்பலகைப் பேனையால் எழுதினேன்:

கொடிக் கம்பத்திலிருந்து மதில் பக்கம் இரண்டு எட்டு.
மாரியில் இறைக்காதே.
காற்றுக் குழாயை மூடாதே.

கொஞ்சம் யோசித்து, கீழே,
ஹபீலாவின் போன் நம்பர்.