ஐந்தொகை

தேனாறு பிக்சர்ஸ் என்று பெயர் வைத்த வருடம்
தேனாற்றில் தண்ணீர் இல்லை.
அம்பாசமுத்திரம் போய்த் தாமிரபரணியைப் பிடித்துவந்து
படத்துக்குப் படம் முதலில் ஓடவிட்டோம்.
ரயில், வண்டி, பரிசல்காரன் பீடி உட்பட
நூற்றுப் பதினெட்டு ரூபாய்.
என் கையெழுத்தில்தான் இருக்கிறது.

இயக்குநர் வெ. ராம. சாத்தப்பன்.
தயாரிப்பாளர் வெ. ராம. சாத்தப்பன்.
இருவருக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை.
அவர் கிரேன் கேட்பார்
இவர் மாட்டுவண்டி தருவார்.
நடுவில் நான், தேவகோட்டை சவரிமுத்து,
ஒரே ஆளிடம் வவுச்சரில் கையெழுத்து வாங்கி
அதே ஆளிடம் வசவும் வாங்கியவன்.

பத்தொன்பது படம்.
நாலு, நூறு நாள்.
மதுரையில் ஒன்றுக்குத் தள்ளுமுள்ளு, கேட் உடைந்தது,
கேட்டுக்கும் நாங்களே காசு கொடுத்தோம்,
சிரித்துக்கொண்டே.
மற்றது பலதும்
போஸ்டர் பசை காயுமுன் பெட்டி திரும்பியது.
பெட்டி திரும்பிய இரவுகளில் அவர் தூங்கிவிடுவார்.
நூறாவது நாளில்தான் விடியும்வரை நடப்பார்,
மூன்றாவது ரீலில் ஒரு கதவு
தப்பான பக்கம் திறப்பதைச் சொல்லிச் சொல்லி.

பதினாறாவதுக்குப் பெயர் சொல்ல மாட்டேன்.
திரைக்கு வராததன் பெயரைச் சொன்னால்
அவர் முகம் ஒருமாதிரி ஆகும்.
இதே கானாடுகாத்தான் வீட்டில் எடுத்தது.
முட்டைவெள்ளை பூசிய சுவர்,
விளக்கை வைத்தால் விளக்கையே திருப்பி அடிக்கிறது.
கேமராமேன் ஹென்றி தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.
இரண்டு நாள் சோப்பு நுரை தடவி மங்கவைத்தோம்,
பங்காளிகள் பார்க்காத நேரமாய்.
ஊரணியிலிருந்து குழாய் இழுத்து
வளவுக்குள் பெய்த மழைக்கு
டீசல் மட்டும் எழுநூறு.
அந்த மழையில் ஒருத்தி
ஆத்தங்குடிக் கல்லில் வழுக்காமல் நடந்து வருவாள்.
நான் பார்த்தேன். எடிட்டர் பார்த்தார்.
வேறு யாரும் பார்க்கவில்லை.

லேப் பாக்கி கட்ட முடியவில்லை.
நெகட்டிவ் அங்கேயே கிடந்து புளித்தது.
ஒருமுறை டப்பாவைத் திறந்து காட்டினார்கள்.
ஊறுகாய் ஜாடி வாடை.
அவர் மூடியை எடுத்து, அவரே மூடினார்.

ஆடிட்டர் சொன்னார், தள்ளிவிடுங்கள் என்று.
வேறு எல்லாம் தள்ளினோம்.
அசோக்நகர் ஆபீஸ், வேன், இரண்டு விநியோகஸ்தர்கள்.
அந்த ஒரு தலைப்பை மட்டும்
முப்பத்தொன்பது பேரேடுகளில்
வரவேண்டியது என்று ஏற்றிக்கொண்டே வந்தேன்.
கேட்டால் சொல்வார்:
படம் ஓடலைன்னா நட்டம், சவரி.
இது இன்னும் ஓட ஆரம்பிக்கலையே.

இன்று இங்கே வேறு கம்பெனி ஷூட்டிங்.
முகப்பு முழுக்க ஒயர்.
தோளில் வாக்கிடாக்கி தொங்கும் பையன் வந்து
பெரியவரே, ஃப்ரேம்ல இருக்கீங்க என்றான்.
அவர் கேமராவைப் பார்த்தார், தூணைப் பார்த்தார்.
நாற்பது லென்ஸ்தானே?
என் செருப்புகூட விழாது.
பையன் மானிட்டருக்கு ஓடினான்.
விழவில்லை.
ஆனாலும் நகர்ந்தார்.
அடுத்தவர் செட்டில் அதுதான் முறை.

சாயங்காலம் வாடகை வந்தது.
நாற்பத்தைந்தாயிரம், பன்னிரண்டு பங்கு.
அவர் பங்கு மூவாயிரத்து எழுநூற்று ஐம்பது.
எண்ணவில்லை. என் பக்கம் தள்ளினார்.
பதினாறில் வரவு வை என்றார்.
நான் பேனாவைத் திறந்துகொண்டு சும்மா இருந்தேன்.
சுவரும் மழையும் இங்கேதானேடா இருந்துச்சு.
வச்சுக்க, முதல் வசூல்.

எழுதினேன். தேதி போட்டேன்.
மீதி எவ்வளவு என்று கேட்க வாயெடுத்தார்.
உள்ளே யாரோ சைலன்ஸ் என்று கத்தினார்கள்.
இருவரும்
பழக்கத்தில்
மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.