ஆல்டர்

எனக்குக் கொடுத்திருப்பது ஒரு மேசை,
தலைக்குமேல் இரண்டு ட்யூப்லைட்,
அட்டை நிறைய சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர்.
குற்றம் எங்கேயோ அங்கே ஒட்ட வேண்டும்.
தையல் விட்டது, எண்ணெய்க் கறை,
கழுத்துப்பட்டி கோணல்.
ஒரு ஷிப்டுக்கு அறுநூறு பீஸ்,
பன்னிரண்டு வருஷம்.
ஒட்டியதெல்லாம் கீழே பெட்டியில் விழும்.
பெட்டிமேல் சாக்பீஸில் எழுதியிருக்கும்: ஆல்டர்.

நொய்யல் பாலத்துக்கு அந்தப்பக்கம்
தகரக்கூரைச் சபையில்
பாஸ்டர் கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்,
"மனசு நொந்தவங்க ஆல்டருக்கு வாங்க."
முதல்தடவை கேட்டபோது சிரித்துவிட்டேன்.
ஸ்டிக்கர் ஒட்டிய சட்டைகளெல்லாம்
எழுந்து வரிசையாய் நடப்பதுபோல் இருந்தது.
நான் போனதில்லை.
குற்றம் பார்க்கிறவளுக்கு
உட்கார்ந்தே பழக்கம்.

காலையில் டவுன் பஸ்ஸில்
போனில் ஒரு அதிகாரம் வாசிப்பேன்,
புஷ்பா தியேட்டர் ஸ்டாப் வருவதற்குள் முடியும்.
இந்த வாரம் சிலுவையடி.
உடைகளை நான்காய்ப் பங்குபோட்ட சேவகர்கள்
அங்கியை மட்டும் கிழிக்கவில்லை.
அதில் தையலே இல்லை,
மேலிருந்து கீழ்வரை ஒரே நெசவு.

எனக்குப் புரிந்தது.
நிட்டிங் மிஷினிலிருந்து குழாயாய் இறங்கும் துணியை
எத்தனை ராத்திரி பார்த்திருக்கிறேன்.
பக்கத்தில் இணைப்பு கிடையாது,
ஒட்ட இடமே இல்லை.
கம்பெனி வாசல் வரைக்கும் அந்த நினைப்புதான்.
அப்புறம் செக்கிங் புத்தி விடவில்லை:
மூன்று வருஷத் தூசி இருந்திருக்கும்.
கூட்டத்தில் யாராவது பிடித்து இழுத்த ஓரம் தொங்கியிருக்கும்.
சாட்டையடி பட்ட முதுகுக்குத் திரும்பப் போர்த்திய துணி,
கறை எத்தனை இடம்?
பையர் கொடுத்த அளவுத்தாளின்படி
அந்த அங்கி ரிஜெக்ட்.
கை நடுங்க நானே ஒட்டியிருப்பேன்.

அன்றைக்கு தெய்வாத்தாள் தைத்த கட்டில்
நாற்பத்திரண்டு ஆல்டர்.
பேட்லாக் டெய்லர், பீஸ் ரேட்.
பிரித்துத் தைக்கிற நேரத்துக்குச் சம்பளம் கிடையாது.
பையன் பெருந்துறை ஆஸ்பத்திரியில் நாலு நாளாய்
என்று எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
நாற்பத்திரண்டு என்று நோட்டில் எழுதும்போது
எனக்குள்ளே சின்னதாய் ஒரு சந்தோஷம்.
அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

ஒரு அம்பையும் நான் பிய்க்கவில்லை.
குற்றம் குற்றம்தான், கோணல் கோணல்தான்.
சாப்பாட்டு மணி அடித்ததும்
பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்
அவள் மிஷினுக்குப் பக்கத்தில் கீழே உட்கார்ந்தேன்.
"ஏனுங்க்கா, ஒட்டத்தான தெரியும் உங்களுக்கு,
பிரிக்கவும் வருங்களா?"
வரவில்லை.
தப்பான முனையை இழுத்தேன், நூல் இறுகிக்கொண்டது.
அவள் என் விரலைப் பிடித்து
அடுத்த முனையில் வைத்தாள்.
ஒரே ஓட்டமாய் வந்துவிட்டது,
துணிக்கு ஒன்றும் ஆகாமல்.

பழுது பார்ப்பது என்கிறோமே,
பன்னிரண்டு வருஷமாய் நான்
பார்த்ததோடு சரி.

தூக்குப்போசியில் இருந்த அரிசிம்பருப்புச் சோற்றை
இரண்டு பேரும் மூடியில் வைத்துத் தின்றோம்.
அவளுக்கு வேதமும் தெரியாது, நான் சொல்லவும் இல்லை.
மணி அடிக்கும்போது மடியெல்லாம் நூல்.

இன்று வியாழன்.
பெட்டியில் இன்னும் பதினேழு இருக்கிறது.